எண்ணெய்க் கையோட வேலை செஞ்சவங்களையும் மேடையில உட்கார வைங்க

நம்ம தமிழ்ப் பிள்ளைங்களுக்கு வேலை வழிகாட்டி நிகழ்ச்சியும் பாராட்டு விழாவும் நடத்துற சங்கங்களோட தலைவர், செயலாளர், செயற்குழுவுல இருக்கற அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்ங்க.

நான் சிங்கப்பூர் ஆகாயப் படையில டெக்னீஷியனா சேர்ந்து வாரண்ட் ஆபீசரா ரிட்டயர் ஆனவன் (பேருல ஆபீசர்னு இருந்தாலும் இது சார்ஜென்டுக்கு மேல வர்ற ரேங்க்தான், நான் இங்க ஆபீசருங்கன்னு சொல்றவங்க வேற). 80-கள் ஆரம்பத்துல சைன் ஆன் பண்ணேன், முதல்ல ஸ்கைஹாக், பின்னாடி எஃப்-16, ரெண்டும் சண்டை விமானம், சர்வீஸ் பூரா விமானத்தை நிறுத்தி புறப்பட ரெடி பண்ற ஃபிளைட் லைன்லயும் ஹேங்கர்லயும்தான் போச்சு. இந்த மடல்ல எந்தச் சங்கத்தோட பேரையும் எழுதப் போறதில்ல, ஏன்னா ஒரு சங்கம் மட்டும் செய்யற காரியமா இருந்தா நான் அவங்க செயலாளருக்கு ஒரு போன் அடிச்சு பேசிட்டு போயிருப்பேன். பல இடத்துல, பல வருஷமா பார்த்துட்டேன், அதான் எல்லாருக்கும் சேர்த்து எழுதறேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு சமூக மன்றத்துல நடந்த வழிகாட்டி நிகழ்ச்சிக்கு என் தங்கச்சி மகனைக் கூட்டிட்டுப் போனேன். மேடையில டாக்டர், வக்கீல், பேங்க்ல பெரிய பதவியில இருக்கறவங்க, அப்புறம் யூனிஃபார்ம் சர்வீஸ்ல இருந்து மூணு பேர். மூணு பேருமே ஆபீசருங்க, நல்லாவே பேசினாங்க, அவங்க மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. கேள்வி நேரத்துல ஐடிஇ-ங்கற தொழிற்கல்விக் கழகத்துல ஏரோஸ்பேஸ் படிக்கிற ஒரு பையன் எழுந்து, ஏர்ஃபோர்ஸ்ல டெக்னீஷியனா போனா வாழ்க்கை எப்படி இருக்கும்னு கேட்டான். நல்ல கேள்வி. மேடையில இருந்தவங்க பதில் சொல்றதுக்குள்ள நிகழ்ச்சி நடத்தினவர் மைக்கை வாங்கி, "தம்பி, எய்ம் ஹையர், ஆபீசரா வரப் பாரு, எத்தனை நாளைக்கு எண்ணெய்க் கையோட இருப்ப"ன்னு சொன்னாரு. கூட்டம் கை தட்டிச்சு. பையன் "ஓகே அங்கிள்"னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டான், அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் போனைத்தான் பார்த்துகிட்டு இருந்தான்.

அவர் கெட்ட எண்ணத்தோட சொல்லல, அது எனக்குத் தெரியும், பிள்ளைங்க முன்னேறணும்னுதான் சொன்னாரு. ஆனா அந்த ஹால்ல ஐடிஇ-யில படிக்கிற பிள்ளைங்க இன்னும் எத்தனையோ பேர் இருந்திருப்பாங்க, அவங்களோட அப்பா அம்மா இருந்திருப்பாங்க, டெக்னீஷியனா லாரி டிரைவரா வேலை பார்த்து பிள்ளையை அங்க கூட்டிட்டு வந்தவங்க இருந்திருப்பாங்க, அத்தனை பேர் முன்னாடியும் உங்க வேலை கழுவிக்க வேண்டிய அழுக்குன்னு சொன்ன மாதிரி ஆச்சா இல்லையா? யோசிச்சுப் பாருங்க.

ரேங்க் பத்தி மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா வெளியில இருக்கறவங்க இதைத்தான் தப்பா புரிஞ்சுக்கறாங்க. படையில ரேங்க் வேணும். யார் சொல்றதை யார் கேக்கணும்னு ஒரு ஒழுங்கு இல்லாம சண்டை விமானத்தை வெச்சு எதுவும் செய்ய முடியாது. நான் சல்யூட் அடிச்சிருக்கேன், என்னைவிட பத்து பதினஞ்சு வயசு சின்னவங்களை "சார்"னு கூப்பிட்டிருக்கேன், அதுல எனக்கு ஒரு நாளும் கூச்சம் வந்ததில்ல. சின்னப் பசங்க என்னை "என்சிக்"னு கூப்பிடுவாங்க, மலாய்ல "ஐயா"ங்கற மாதிரி, அப்படிக் கூப்பிடறதுல இருந்த மரியாதை எனக்குப் போதும். ரேங்க்ங்கறது வேலைக்காக. ஆளோட தராதரத்தை அதை வெச்சு அளக்கறது வெளியில நாம கண்டுபிடிச்சது.

ஒரு நாள் காலையில ஸ்கைஹாக் ஒண்ணு புறப்பட ரெடியா நிக்குது, பைலட் சீட்ல உட்கார்ந்து பெல்ட் போட்டாச்சு. நான் கடைசியா ஒரு தடவை கீழ குனிஞ்சு சக்கரம் மடங்கிப் போற குழியில டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஹைட்ராலிக் பைப் ஒண்ணு இணையற இடத்துல லேசா ஈரம். துணியால துடைச்சேன், சிவப்பா வந்துச்சு, மறுபடி பார்த்தா ஒரு நிமிஷத்துல திரும்பவும் கசிஞ்சிருக்கு, சொட்டுன்னுகூட சொல்ல முடியாது, விரல்ல வழவழன்னு ஒட்டுற அளவுதான். நான் வெளிய வந்து கையைக் காட்டி எஞ்சின் ஸ்டார்ட் வேணாம்னு சொல்லிட்டு ஏணியில ஏறி, "சார், திஸ் ஒன் கேனாட் கோ"ன்னு சொன்னேன். அவர் மேஜர், நான் அப்போ ஸ்டாஃப் சார்ஜென்ட். அவர் ஏன்னுகூட கேக்கல. "ஓகே"ன்னு பெல்ட்டைக் கழட்டிட்டு இறங்கி வேற ஏர்கிராஃப்டுக்கு நடந்து போயிட்டாரு. அப்புறம் பைப்பைக் கழட்டிப் பார்த்தா முனையில முடி மாதிரி ஒரு விரிசல். அவரு வெளிநாட்டுல ஸ்காலர்ஷிப்ல படிச்சவரு, நான் விஐடிபி-ங்கற அந்தக் காலத் தொழிற்பயிற்சிக் கூடத்துல தொழில் படிச்சவன், ஆனா அந்த ஏணிகிட்ட என் வார்த்தைதான் கடைசி வார்த்தை. அந்த விமானம் பறக்க லாயக்குன்னு லாக் புக்ல என் கையெழுத்து விழுந்த பிறகுதான் அவர் தன்னோட கையெழுத்தைப் போட்டு அதை எடுத்துட்டுப் போக முடியும். உலகத்துல எந்த விமானப் படைக்குப் போனாலும் இப்படித்தான்.

எஃப்-16-ல காத்து உள்ள போற வாய் மூக்குக்குக் கீழ இருக்கும். எஞ்சின் ஃபேனை செக் பண்ணணும்னா ஆளு அதுக்குள்ள தவழ்ந்து போகணும். மோதிரம், வாட்ச், பேனா எல்லாத்தையும் கழட்டி வெளியில வெச்சுட்டு, பாக்கெட்டே இல்லாத ஒரு சூட் போட்டுகிட்டு, டார்ச்சை மட்டும் எடுத்துகிட்டு உள்ள போய் ஒவ்வொரு பிளேடோட ஓரத்தையும் விரலால தடவிப் பார்க்கணும், நகம் மாட்டுற அளவுக்கு ஒரு சின்ன வெட்டு இருந்தாலும் ரிப்போர்ட் பண்ணணும். வெயில் நேரத்துல உள்ள வேர்த்துக் கொட்டும், முட்டி வலிக்கும். வேலை முடிஞ்சதும் டூல் பாக்ஸை எண்ணணும், ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அது அது உட்கார்ற குழி இருக்கும், ஒரு குழி காலியா இருந்தா அந்த ஏர்கிராஃப்ட் நகராது, ராத்திரி எத்தனை மணி ஆனாலும் தேடணும். இந்த ஒழுக்கத்தை இருபது வயசுப் பையனுக்கு எந்தக் காலேஜும் இந்த அளவுக்குக் கத்துக் கொடுக்காதுன்னு நான் நெஞ்சைத் தொட்டுச் சொல்வேன். இதைத்தான் மேடையில "எண்ணெய்க் கை"ன்னு ஒரே வார்த்தையில தள்ளிட்டாரு.

எங்க அப்பா ஜாலான் காயு ஆளு. பிரிட்டிஷ் விமானப் படையோட சிலேத்தார் பேஸ்ல புல் வெட்டறது, காவா சுத்தம் பண்றதுன்னு கிடைச்ச வேலையைப் பார்த்தாரு. பிரிட்டிஷ்காரன் காலத்துல அந்த பேஸுக்குள்ள ஆபீசருங்க பங்களா இருந்த ரோடுங்களுக்கு லண்டன் பேருதான், பார்க் லேன், பிக்கடில்லி, ஹைட் பார்க் கேட், மைடா வேல், இன்னைக்கும் போனா அந்தப் போர்டெல்லாம் இருக்கு, பங்களா சிலது இப்போ சாப்பாட்டுக் கடையா மாறியிருக்கு. ஆபீசர் குடும்பத்துக்கு தோட்டத்தோட வீடு, சாதாரண ஏர்மேனுக்கு பேரக்ஸ், எங்களுக்கு கேட்டுக்கு வெளிய ஓலை வேய்ஞ்ச அத்தாப்பு வீடு. 1968 ஜனவரியில பிரிட்டிஷ்காரங்க படையை வாபஸ் வாங்கப் போறதா அறிவிச்சாங்க, 71 கடைசியில கிளம்பிட்டாங்க. நாட்டோட மொத்த உற்பத்தியில ஏறக்குறைய 20 சதவீதம் அந்த பேஸுங்களை நம்பி இருந்த காலம் அது, எங்க அப்பா மாதிரி ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு. அதே 1968 செப்டம்பர்லதான் நம்ம ஊரு சொந்தமா ஆகாயத் தற்காப்புப் படையை ஆரம்பிச்சுது, 1975 ஏப்ரல்ல அது சிங்கப்பூர் ஆகாயப் படையா ஆச்சு. நான் யூனிஃபார்ம் போட்டு முதல் தடவை வீட்டுக்கு வந்தப்போ அப்பா ஒண்ணும் பேசல, தோள்ல இருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தாரு, அவ்வளவுதான். அம்மாதான் எங்க அடுக்குமாடி புளோக்ல எல்லார் வீட்டுக் கதவையும் தட்டிச் சொன்னாங்க.

வெள்ளைக்காரன் எல்லாரும் பங்களாவுல இருந்தவன்னு அப்பா நினைக்கல, அதையும் சொல்லணும். பேரக்ஸ்ல இருந்த ஏர்மேன்கள்ல நிறைய பேர் அவங்க ஊர்ல சுரங்கத் தொழிலாளி, மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைங்க, ஆபீசருங்க பேசற இங்கிலீஷும் அவங்க பேசற இங்கிலீஷும் வேற வேற. ரெண்டாம் உலகப் போர்ல லங்காஸ்டர் குண்டு விமானத்துல 7 பேர் சேர்ந்து பறப்பாங்க, சிலர் ஆபீசர், சிலர் சார்ஜென்ட், சில சமயம் பைலட்டே சார்ஜென்டா இருப்பாரு. மேல ஒருத்தர் உயிர் இன்னொருத்தர் கையில. கீழ இறங்கினதும் ஆபீசர் ஒரு மெஸ், சார்ஜென்ட் வேற மெஸ், ராத்திரி ஒண்ணா சாகத் துணிஞ்சவங்க காலையில ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட முடியாது. பிரிட்டனோட அந்த குண்டு வீச்சுப் படையில மட்டும் 55,573 விமானப் படையினர் செத்தாங்க. குண்டு ரேங்க் பார்த்து விழல.

அந்த ஊர்க் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜெட் எஞ்சினை உருவாக்கின ஃபிராங்க் விட்டில் கதை. ஏர்கிராஃப்ட் லைன்ல இருக்கறவங்களுக்கு இந்தப் பேர் தெரியாம இருக்காது. கவென்ட்ரியில ஒரு மெக்கானிக் மகன். உயரம் பத்தலைன்னு படையில திருப்பி அனுப்பிட்டாங்க, விடாம மறுபடி மறுபடி போய் 1923-ல விமான மெக்கானிக் வேலை கத்துக்கற அப்ரெண்டிஸா சேர்ந்தாரு. அப்ரெண்டிஸ் பசங்கள்ல ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் ஆபீசர் காலேஜுக்குப் போற வாய்ப்பு, 1926-ல அது இவருக்குக் கிடைச்சுது. 1930-ல ஜெட் எஞ்சினுக்குப் பேடண்ட் எழுதிக் கொடுத்தாரு. மேலிடத்துல யாரும் கண்டுக்கல. 1935-ல அந்தப் பேடண்டைப் புதுப்பிக்க 5 பவுன் கட்டணும், இவர்கிட்ட வசதியில்ல, அரசாங்கமும் கட்ட மாட்டேன்னுடுச்சு, பேடண்ட் காலாவதி ஆயிடுச்சு. அப்புறம் 1941 மே 15-ஆம் தேதி அவரோட எஞ்சினை வெச்சுத்தான் பிரிட்டனோட முதல் ஜெட் விமானம் பறந்துச்சு. அந்தப் பையன் எண்ணெய்க் கையோடதான் உள்ள வந்தான். அவனை யாராவது மேடையில வெச்சு அடக்கி உட்கார வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?

இப்போ நம்ம வீட்டுக் கதைக்கு வர்றேன். எனக்குப் பொண்ணு பார்க்கற காலத்துல ஒரு வீட்டுக்குப் போனோம். ஏர்ஃபோர்ஸ்னதும் நல்லா உபசரிச்சாங்க. பொண்ணோட பெரியப்பா, "தம்பி பைலட்டா?"ன்னு கேட்டாரு, இல்லைங்க, டெக்னீஷியன்னு சொன்னேன். "ஓ, மெக்கானிக்கா"ன்னாரு. அதுக்கப்புறம் பேச்சு வெயிலைப் பத்தியும் சிராங்கூன் ரோட்டுல பார்க்கிங் கிடைக்காததைப் பத்தியும்தான். எங்க அம்மா அந்த வீட்டுல காப்பி டம்ளரைக் கீழ வைக்காம கையிலயே பிடிச்சுகிட்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் மறக்கல, அவங்க ஆபீஸ் கட்டடத்துல தரை துடைச்சு என்னை வளர்த்தவங்க, அவங்களுக்கு இந்தப் பார்வையெல்லாம் பழக்கம், ஆனா யூனிஃபார்ம் போட்ட மகனுக்கும் அது வரும்னு அவங்க நினைக்கல. (எனக்கு வேற நல்ல இடத்துல கல்யாணம் ஆச்சு, என் மாமனார் பஸ் டிரைவர், முதல் நாளே எஞ்சின் பத்தித்தான் பேசினாரு.)

இன்னொண்ணு. ஒரு சங்கம் தேசிய தினத்தை ஒட்டி ஆயுதப் படையில இருக்கற தமிழர்களைப் பாராட்டப் போறோம்னு சொன்னாங்க. நான் அந்தச் சங்கத்துல சந்தா கட்டுற உறுப்பினர். குழுவுல இருந்த ஒருத்தர் போன் பண்ணி, உங்க பேஸ்ல தமிழ் ஆபீசர் யாராச்சும் இருந்தா பேர் கொடுங்க, மேடையில உட்கார வைக்கணும்னாரு. கொடுத்தேன். நீங்களும் சீக்கிரம் வந்துடுங்க, நாற்காலி போட ஆள் பத்தாதுன்னாரு. அதையும் செஞ்சேன், நாற்காலி போடறது எனக்குக் கேவலம் இல்ல. நான் பேர் கொடுத்த அந்த கேப்டன் மேடையில இருந்து என்னைப் பார்த்துட்டு, மைக்குல என் பேரைச் சொல்லி, "இவர் கையெழுத்து போட்டாத்தான் எங்க ஸ்குவாட்ரன்ல விமானம் கிளம்பும், இவரைக் கூப்பிடுங்க"ன்னு சொன்னாரு. பொன்னாடை எண்ணி வாங்கியிருந்தாங்க போல, எனக்கு இல்ல. அந்தத் தம்பி தனக்குப் போட்டதைக் கழட்டி எனக்குப் போட்டாரு. அவர் ஆபீசர்தான். ஆபீசருங்களுக்கு இது புரியுது, ஃபிளைட் லைன்ல நின்ன எல்லாருக்கும் புரியுது, நம்ம சங்கத்துக்காரங்களுக்குத்தான் புரிய மாட்டேங்குது, இதுதான் எனக்கு ஆத்தாமை.

இங்கிலீஷ் விஷயமும் இருக்கு. நாங்க கம்பத்துல, அதாவது பழைய கிராமக் குடியிருப்புல வளர்ந்தவங்க, எங்க இங்கிலீஷ் ஃபிளைட் லைன் இங்கிலீஷ், சுருக்கமா, தெளிவா, ரேடியோவுல கேட்டா ஒரே தடவையில புரியற மாதிரி பேசுவோம். அதை வெச்சு அமெரிக்காக்காரன்கிட்ட டிரெயினிங் எடுத்திருக்கேன், புதுப் பசங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கேன், எவனும் குறை சொன்னதில்ல. ஆனா நம்ம ஆளுங்க கூட்டத்துல வாயைத் திறந்தா, உடனே பக்கத்துல இருக்கறவர் நான் சொன்னதையே வேற உச்சரிப்புல திருப்பிச் சொல்லி எல்லாருக்கும் "விளக்குவாரு".

அப்போ படிக்க வேணாம்னு சொல்றியான்னு கேப்பீங்க. அப்படி நான் எங்கயும் சொல்லல. நான் வேலை பார்த்துகிட்டே ராத்திரி கிளாஸ் போய் டிப்ளமா முடிச்சவன். இப்போ வழி இன்னும் நிறையவே இருக்கு, அதையாவது பிள்ளைங்ககிட்ட சொல்லலாமே. 2010-ல ராணுவ நிபுணர் திட்டம் வந்து, டெக்னீஷியனும் எஞ்சினியரும் எம்இ1-ன்னு தொடங்குற ஒரே ரேங்க் ஏணியில வந்துட்டாங்க, திறமையும் தகுதியும் இருந்தா ஏறிகிட்டே போகலாம். ஐடிஇ முடிச்சவங்க 30 வயசுக்குள்ள டிப்ளமாவுல சேர்ந்தா 5,000 வெள்ளி, முடிச்சா சிபிஎஃப் சேமநிதியில 10,000 வெள்ளின்னு 2024 பட்ஜெட்ல அறிவிச்சாங்க. அந்தப் பையன் கேள்வி கேட்டப்போ இதைச் சொல்லியிருந்தா அவன் நோட் பண்ணியிருப்பான். "எய்ம் ஹையர்"னு சொன்னதுல அவனுக்கு என்ன விவரம் கிடைச்சுது சொல்லுங்க? ஐடிஇ-ன்னா "இட்ஸ் தி எண்ட்", எல்லாம் முடிஞ்சுதுன்னு ஊர்ல பசங்களைக் கேலி பண்ணினது போதாதுன்னு நாமளும் தமிழ்ல அதையே சொல்லி அனுப்பறோம்.

வேலைக்கும் பஞ்சமில்ல. புது சண்டை விமானம் 12 எஃப்-35பி ஆர்டர் பண்ணியாச்சு, 2024-ல இன்னும் 8 எஃப்-35ஏ வாங்கப் போறதா சொல்லியாச்சு, மொத்தம் 20. அதையெல்லாம் யார் பராமரிக்கப் போறா? எங்க அப்பா புல் வெட்டின அதே சிலேத்தார்ல இன்னைக்கு ஏரோஸ்பேஸ் பார்க் இருக்கு, 2012-ல இருந்து ரோல்ஸ் ராய்ஸ் அங்க ட்ரென்ட் எஞ்சினை அசெம்பிள் பண்றாங்க, ஃபேன் பிளேடு செய்யறாங்க. படையில பத்து வருஷம் ஒழுங்கா வேலை பார்த்த டெக்னீஷியனுக்கு வெளியில என்ன மதிப்புன்னு அந்தக் கம்பெனிங்களைக் கேளுங்க, எங்க செட்ல ரிட்டயர் ஆன பல பேர் இன்னும் வேலையிலதான் இருக்காங்க.

உங்ககிட்ட நான் கேக்கறது பெரிசு ஒண்ணும் இல்ல. அடுத்த வழிகாட்டி நிகழ்ச்சியில யூனிஃபார்ம் சர்வீஸுக்கு மூணு நாற்காலின்னா ஒண்ணு டெக்னீஷியனுக்கோ, சார்ஜென்டுக்கோ, ஆம்புலன்ஸ்ல போற பாராமெடிக்குக்கோ கொடுங்க. ஓரத்துல போடற எக்ஸ்ட்ரா நாற்காலி வேணாம், அதே வரிசையில, அதே நேரம் பேச விடுங்க. பாராட்டு விழாவுக்குப் பேர் கேட்டு வாங்கற ஃபார்ம்ல "பதவி"ங்கற கட்டத்தை எடுத்துட்டு, என்ன வேலை செஞ்சாங்க, எத்தனை வருஷம் செஞ்சாங்கன்னு கேளுங்க. நிகழ்ச்சி நடத்தறவருக்கு முன்கூட்டியே சொல்லி வைங்க, பிள்ளை எந்த வேலையைப் பத்திக் கேட்டாலும் அந்த வேலை தெரிஞ்சவர்கிட்ட மைக்கைக் கொடுக்கணும்னு. கல்யாணப் பேச்சு பேசறவங்களை உங்களால திருத்த முடியாது, எனக்குத் தெரியும், ஆனா உங்க மேடையைப் பார்த்துத்தான் அவங்களும் யார் பெரிய ஆளுன்னு முடிவு பண்றாங்க.

அன்னைக்கு கேள்வி கேட்ட பையனோட பேர் எனக்குத் தெரியாது. பதிவு பண்ணினவங்க லிஸ்ட் அந்தக் குழுகிட்ட இருக்கும். இதைப் படிக்கிறவங்கள்ல அந்தக் குழுவுல இருக்கறவங்க இருந்தா அவனைக் கண்டுபிடிச்சு, ஒரு ரிட்டயர்டு டெக்னீஷியன் அவன்கூட பேச ரெடியா இருக்காருன்னு சொல்லிடுங்க. எந்த ஸ்குவாட்ரன் எப்படி, ஷிஃப்ட் எப்படி, சம்பளம் எப்படி ஏறும், கல்யாணம் ஆனா ராத்திரி டூட்டியை எப்படி சமாளிக்கறது, படிப்பை எப்போ தொடரலாம், எல்லாம் சொல்றேன். அவங்க அப்பா அம்மாவும் கூட வரட்டும். சனி, ஞாயிறு எந்த நேரம்னாலும் சரி, ஈசூன்ல எங்க புளோக்குக்குக் கீழ இருக்கற திறந்த தளத்துல, வாய்ட் டெக்லயே உட்கார்ந்து பேசலாம், இல்ல நான் அவங்க வீட்டுப் பக்கம் வர்றேன்.

இப்படிக்கு,
உங்கள் சங்கங்கள்ல பல வருஷமா சந்தா கட்டிட்டு வர்ற
ஒரு ஆகாயப் படை டெக்னீஷியன்